சண்டையே இல்லாத கிரைம் படம்!

கிரைம் படம்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? துப்பாக்கி, கார் சேஸிங், மாடி விட்டு மாடி தாவுற போலீஸ். இதில் ஒன்றுகூட இல்லாமல், பேச்சை மட்டும் வைத்தே என்னை நகம் கடிக்க வைத்த படம் '12 ஆங்க்ரி மென்'. 'கோபக்காரர்கள் பன்னிரண்டு பேர்' என்று அர்த்தம். 1957-ல் வந்த அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம். எழுதியவர் ரெஜினால்ட் ரோஸ். இயக்குநர் சிட்னி லூமெட்டுக்கு இதுதான் முதல் சினிமா.

நியூயார்க்கில் 18 வயதுப் பையன் ஒருவன் தன் அப்பாவைக் கத்தியால் குத்திக் கொன்றதாக வழக்கு. அங்கே ஜூரி முறை உண்டு. அதாவது, பொதுமக்களில் பன்னிரண்டு பேர் விசாரணையைக் கேட்டுவிட்டு, தனி அறையில் பேசி, எல்லாரும் சேர்ந்து ஒரே முடிவு சொல்லணும். குற்றவாளி என்றால் பையனுக்கு மரண தண்டனை நிச்சயம்.

முதல் ஓட்டெடுப்பில் 11 பேர் 'குற்றவாளி' என்று கை தூக்குகிறார்கள். ஒருத்தர் மட்டும் தூக்கவில்லை. அவர்தான் எட்டாம் நம்பர் ஜூரி, ஹென்றி ஃபோண்டா. பையன் நிரபராதி என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஓர் உயிர் விஷயமாச்சே, கொஞ்சம் பேசிப் பார்க்கலாமே என்கிறார். அவ்வளவுதான்! மீதிப் படம் முழுக்க அந்தப் பேச்சுதான், கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே அறையில்தான். வெளியே கொளுத்துற வெயில், ஃபேன் ஓடலை. ஒருத்தருக்கு மேட்ச் பார்க்கப் போற அவசரம் வேற!

வசனமே எப்படித் துப்பறிகிறது பாருங்கள். கால் சரியில்லாத ஒரு தாத்தா, படுக்கையிலிருந்து 15 செகண்டில் வாசலுக்கு வந்து பையன் ஓடியதைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். அறைக்குள்ளேயே அதேபோல நடந்து பார்க்கிறார்கள். 41 செகண்ட் ஆகிறது!

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு இடம். பையன் அப்பாவிடம் "கொன்னுடுவேன்"னு கத்தியதாக ஒரு சாட்சி. அப்படிக் கத்தினவன் நிஜமாகவே கொல்லத்தான் நினைத்திருப்பான் என்று வாதாடிய ஜூரி ஒருவரே, கோபத்தில் ஃபோண்டா மேல் பாய்ந்து அதையே கத்துகிறார். ஃபோண்டா அமைதியாக, நீங்க நிஜமாவே என்னைக் கொல்லப்போறீங்களா என்று கேட்கிறார். எதிராளிக்குப் பேச்சே வரலை!

முடிவை நான் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கொலை செய்தது பையன்தானா என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. தண்டிக்கிற அளவுக்கு நமக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்கிறது.

வகுப்பில் ஒரு பேனா காணாமல் போனால், "அவன்தான் எடுத்திருப்பான்"னு ஒருத்தர் சொல்ல, எல்லாரும் கூடவே தலையாட்டுகிறோம். அப்போது "இருங்கடா, யார் பார்த்தது?"ன்னு கேட்க ஒரே ஒருத்தராவது வேணும். அது நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.