முறையியல் என்பது யாது?

வணிகத்திலும் தொழில்நுட்பத்திலும் திட்டம் தீட்டுவோர் ‘முறையியல்’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். ஒரு பணியை எந்த வரிசையில், என்ன காரணத்தால் செய்கிறோம், விளைவை எவ்வாறு அளந்து திருத்துகிறோம் என வரையறுப்பதே முறையியல்.

இது நாம் அறியாததன்று. மரத்தின் அரைச்சுற்றில் ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டும் முறையை எண்ணிப் பார்ப்போம். உளி கருவி, இன்று எந்த நிரை என்பது திட்டம், மரம் மீண்டும் பால் சுரக்க ஓய்வு வேண்டும் என்னும் காரணத்தோடு கூடிய ஒழுங்கே முறையியல். காரணத்தை மறந்து ஆழமாக வெட்டினால் பட்டை காயமுறும். புதுப்பட்டை சீராக வளராது.

நகரமைப்புக்கும் இது பொருந்தும். முன்னாளில் ரப்பர் மரங்கள் நின்ற சீபீல்டு தோட்ட நிலத்தில் 1976ஆம் ஆண்டில் சுபாங் ஜெயா எழத் தொடங்கியது, 2020இல் மாநகராயிற்று. நிலத்தை அளந்து, மழைநீர் வடிய வழிகண்டு, சாலை வகுத்த பின்னரே வீடு எழுப்புதல் முறை. வரிசை பிறழ்ந்தால் வெள்ளம் வீட்டினுள் புகும்.

தோட்டம் நகராகும்போது, அங்கு வாழ்ந்தோர் எங்கே குடியேறுவர் என்னும் வினாவும் அவ்வரிசையின் தொடக்கத்திலேயே இடம்பெறல் வேண்டும். ஆகவே, எத்திட்டம் நம்முன் வைக்கப்பட்டாலும், ‘என்ன செய்வீர்கள்?’ என்பதோடு நில்லாது, ‘ஏன் இவ்வாறு? பிழை நேர்ந்தால் எவ்வாறு திருத்துவீர்கள்?’ எனவும் வினவுவோமாக.