"ஒண்ணுமில்லை"ன்னா வலி ஏன்?

காலை ஆறரை மணி. பூன் லே எம்.ஆர்.டி. நிலைய வாசலில் ஆலை வேனுக்காகக் காத்திருந்தார் ஒரு தம்பி. ஜோகூரில் நாம் சங்க வேலை பார்த்த தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டம் கைமாறி லயம் இடிபட்ட பிறகு, தினமும் நாலு மணிக்கு எழுந்து பாலம் கடந்து வருகிறார்.

"பசியாறியாச்சா தம்பி?" என்றோம்.

"காலையில சாப்பிடறதே இல்லண்ணே. சாப்பிட்டா பஸ்ல வயித்த முறுக்கும். பாலத்து நெரிசல்ல எங்க இறங்குறது?"

பூன் லே என்பதே ஒரு தோட்ட முதலாளியின் பெயர்தான். செவ் பூன் லே என்பவர் இந்த வட்டாரத்தில் காம்பியரும் மிளகும், பின்னர் ரப்பரும் பயிரிட்டார். 1961-இல் ஜூரோங் தொழிற்பேட்டை வேலை தொடங்கியது. மரம் போய் ஆலை வந்தது. பெரட்டுக்கு எழுந்த நேரம் மட்டும் மாறவில்லை.

தம்பிக்கு ஏழு வருடமாக இந்தத் தொல்லை. ஒரு வாரம் பேதி, மறுவாரம் மலச்சிக்கல், நடுவில் உப்பிசம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடல் சுத்தமாக இருந்தது. "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டார். அப்புறம் எதுக்கு நாலு தடவ டாய்லெட்?" என்று கேட்கிறாராம் சூப்பர்வைசர்.

ஒன்றுமில்லாமல் இல்லை, தோழர்களே. புண்ணோ கட்டியோ இல்லாமலே குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் வரும் கோளாறு இது. மற்றவர் உணராத சிறு வாயுவும் அசைவும் இவருக்கு வலியாகத் தெரியும். டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்கிறார்கள். நடிப்பு அல்ல, சோம்பலும் அல்ல.

எத்தனை பேருக்கு இருக்கிறது? 1998-இல் வெளிவந்த ஒரு சிங்கப்பூர் ஆய்வு நூற்றுக்கு 2.3 பேர் என்றது. டாக்டர் குவீ கோக் ஆன் குழுவினர் 2004-இல் வெளியிட்ட கணக்கில் அது 8.6. அதே மக்களை அதற்கு முந்திய இரண்டு அளவுகோல்களால் பார்த்தால் 10.4, 11. 2021-இல் வெளியான 33 நாட்டு ஆய்வில், இணையம் வழி கேட்டவர்களில் புதிய அளவுப்படி 4.1 பேர், பழைய அளவுப்படி 10.1 பேர்.

ஆள் மாறவில்லை, கோல்தான் மாறியது. பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளிப் பால் ஒன்றுதான்; கிராணி மெட்ரோலாக்கைப் போட்டு என்ன படிக்கிறாரோ அதுதான் சம்பளம்!

2016-இல் வந்த புதிய கோல், மூன்று மாதமாக வாரம் ஒரு நாளாவது "வலி" இருக்க வேண்டும் என்கிறது. முந்தியது மாதம் மூன்று நாள் போதும், அசௌகரியம் என்றாலும் சேர்த்துக்கொண்டது. நம் சனங்கள் வலி என்றா சொல்வார்கள்? "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். புதிய கணக்கில் அவர்கள் விழமாட்டார்கள். ஆனாலும் எந்தக் கோலை வைத்தாலும் ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் பல பேருக்கு இது இருந்தே தீரும். சூப்பர்வைசர் நினைப்பதுபோல் தம்பி ஒருவர் மட்டும் அல்ல.

காரணம் ஒன்றல்ல. கெட்ட உணவோ தண்ணீரோ தந்த பேதிக்குப் பின் சிலருக்கு இது தங்கிவிடும். கனடாவின் வாக்கர்டனில் 2000-இல் குடிநீர் கெட்டபின் அப்படித்தான் நடந்தது. சுழற்சி சிப்ட் பார்க்கும் தாதியரிடம் பகல் வேலைக்காரரைவிட இது அதிகம் என்று 2010-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. நேரம் கெட்ட சாப்பாடும் மனக்கவலையும் கூட்டும்.

ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பதுக்கு மேல் புதிதாக வரும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் என்றால் இதென்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி போங்கள்.

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. எம்.சி. வேண்டும், 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் நாலு தடவை டாய்லெட் போவதற்கு எம்.சி. உதவாது. நோயின் பெயரை எழுதி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கச் சொன்னோம். அங்கே நமக்குச் சங்க அதிகாரம் இல்லை, யோசனைதான் சொல்ல முடியும்.

பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. வேன் வந்து நின்றதும் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, அந்தக் கடிதம் பொம்பளைக்கும் கொடுப்பாங்களா? நான் எட்டு வருசமா யார்கிட்டயும் சொன்னதில்ல."

கொடுப்பார்கள் என்றோம். அடுத்த புதன்கிழமை இருவரும் கடிதத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.