லக்கல மலைப்பாதையும் மின்சாரக் காரும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் மலையைக் கடந்து லக்கலவுக்குச் செல்ல விழைவோர், மின்சாரக் காரின் முகப்புத் திரை காட்டும் எஞ்சிய தூரத்தை மட்டும் நம்பிப் பிரயாணம் தொடங்குவது விவேகமன்று. ஏனெனில் அவ்வெண் பெரும்பாலும் சற்று முன் ஓடிய பாதையின் செலவை ஆதாரமாகக் கொண்டதேயன்றி, எதிரே நிற்கும் ஏற்றத்தை அறிந்ததன்று. 1,500 கிலோகிராம் நிறையுள்ள வாகனம் 1,000 மீற்றர் உயர்வதற்கு மட்டுமே ஏறக்குறைய 4 கிலோவாற்று மணிச் சக்தி வேண்டும். இலங்கை வீதிகளில் பலரும் அறிந்த நிசான் லீஃப் காரின் ஆரம்பகால 24 கிலோவாற்று மணி மின்கலத்தில் இது ஆறில் ஒரு பங்காகும்.

இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாகி அச்சக்தியில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். ஆனால், முழுதும் நிரம்பிய மின்கலம் அதனை ஏற்காது.

வழிகாட்டும் வரைபடத்திலும் சிரத்தை அவசியம். களுகங்கை நீர்த்தேக்கத்தில் பழைய பல்லேகம நகரம் மூழ்கி, அதற்கு ஈடாகப் புதிய லக்கல நகரம் எழுந்தபின், பழைய வரைபடம் பிரயோசனமற்றது. ஆதலின் வரைபடத்தைப் புதுப்பித்து, கைப்பேசியில் முன்னரே சேமித்து, மிகக் குறுகிய வழியை விடுத்துப் பிரதான வீதியைத் தெரிந்து, திரும்பும் ஏற்றத்துக்கும் போதிய மின்சாரம் வைத்துக்கொண்டு புறப்படுவதே உசிதம்.