தோலுக்குப் பின்னால் ஒரு கை

பவ்ரான் வாசிப்பவரின் வலக்கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மணிக்கட்டு சுழலும் வேகம் அப்படி. ஆனால் இந்த அயர்லாந்துத் தோல்வாத்தியத்தின் அழகு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடக்கையில் இருக்கிறது.

சுமார் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரச்சட்டம். ஒரு பக்கம் வெள்ளாட்டுத் தோல், மறுபக்கம் திறப்பு. உட்கார்ந்து, இடது தொடைமேல் நிறுத்தி, டிப்பர் என்ற சிறு குச்சியால் வாசிக்கிறார்கள். மேலும் கீழுமாக விழும் அடிகளுக்கு நடுவே குச்சியின் மறுமுனையும் தோலைத் தொட்டால், சட்டென மூன்று சொற்கள் அடுத்தடுத்து உதிரும். அதே நேரத்தில் இடக்கை திறப்பு வழியே உள்ளே போய்த் தோலைத் தாங்குகிறது. கையை எடுத்தால் ஆழ்ந்த கார்வை. உள்ளங்கை விளிம்பால் அழுத்தி மேலே நகர்த்தினால் சுருதி ஏறும். கஞ்சிராவில் விரல் அழுத்தி ஒலியை வளைப்பதைக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். டி டனான் குழுவின் ஜானி மக்டோனா 1970-களில் இந்த இடக்கை வித்தையை வெகுவாக வளர்த்தார். அவருடைய பதிவுகளை ஹெட்போனில் கேட்க வேண்டும்.

மேடைக்கு வருவதற்கு முன் பவ்ரான் பெரும்பாலும் டிசம்பர் 26 அன்று, வேடமிட்ட இளைஞர்கள் வீடு வீடாகப் பாடிச் செல்லும்போது ஒலித்த முரசுதான். நடனக் குழுக்களில் ஜாஸ் டிரம் செட் புகுந்திருந்த காலத்தில், இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா இதுவே நம் மண்ணின் தாளம் என்று சொல்லி, 1960-களில் மேடையேற்றினார்.

அவர் குழுவில் வாசித்த பியாடர் மெர்சியர், 1966 முதல் பத்தாண்டுகள் சீஃப்டன்ஸ் குழுவின் தாளத்தைத் தாங்கினார். மகன் மெல் அவரிடம்தான் கற்றார். ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலிலிருந்து இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1979-இல் உருவாக்கிய ‘ரோரடோரியோ’வில் தந்தையும் மகனும் சேர்ந்தே வாசித்தார்கள். கிராமத்து முரசு நவீன இசையின் நடுவே போய் உட்கார்ந்த தருணம் அது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம். பின்னர் மெல், கார்க் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்து, அடுத்து லிமெரிக்கில் பேராசிரியராக இருந்தார்.

நல்ல ஆசிரியர்கள் வேகத்தை முதலில் கற்பிப்பதில்லை. நடன மெட்டுகளில் ஜிக் திஸ்ர நடை, ரீல் சதுஸ்ர நடை. மெட்டைக் காதில் பிடித்த பிறகே குச்சி. பப்பில் பலர் கூடி வாசிக்கும்போது இரண்டு பவ்ரான் சேர்ந்து ஒலித்தால் தாளம் கலங்கிவிடும். அதனால் ஒருவர் வாசிக்கையில் மற்றவர் தம் முறை வரும்வரை வாத்தியத்தை மடியில் கிடத்திக் காத்திருப்பார்.