உங்களுக்குத் தெரியுமா? மகனிடம் இரவல் வாங்கிய ஆயிரம் ஆண்டு

சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் ஒரு நொடியில் கிழவனாகிப்போன அரசன் யயாதி, பெற்ற பிள்ளைகளிடமே இளமையை இரவல் கேட்டான். நால்வர் மறுத்துவிட்டார்கள். கடைக்குட்டி புரு மட்டும் அப்பாவின் நரையையும் தளர்ச்சியையும் வாங்கிக்கொண்டான். மகாபாரதக் கணக்கில் அந்த இரவல் இளமை ஆயிரம் ஆண்டு நீடித்தது; ஆசைதான் தீரவில்லை.

இந்தக் கதையை மராத்தியில் ‘யயாதி’ என்ற நாவலாக்கினார் வி.ஸ. காண்டேகர் (1959). யயாதி, அவன் மனைவியும் சுக்கிராச்சாரியாரின் மகளுமான தேவயானி, அவனுடைய ரகசியத் துணைவி சர்மிஷ்டை என மூவரும் தத்தம் கதையைத் தாமே சொல்கிறார்கள். தேவயானியின் கோபத்திலுள்ள நியாயம் அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. 1974-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது காண்டேகருக்குக் கிடைத்தது. மராத்திக்கு அதுவே முதல் ஞானபீடம். தமிழில் தந்தவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்ரயிலில் போய்வருகிறவர்கள் அவசியம் பையில் வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகம்.