ரத்தம் தரும் துப்பு

நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றியது போல வலி. உடம்பெல்லாம் வியர்வை. வீட்டார் சொல்லும் காரணம் வாயுக்கோளாறு. தரும் மருந்து சோடா. இதற்குள் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துக்கொண்டிருக்கும்.

அதற்குச் சாட்சி ரத்தம். இதயத் தசை செல்கள் சிதையும்போது ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசிகிறது. முன்பு டாக்டர்கள் நம்பியிருந்த சி.கே.-எம்.பி. என்ற என்ஸைம் இரண்டு, மூன்று நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ட்ரோபோனின் ஒரு வாரம் கூடத் தங்கும். எனவே நாலு நாள் கழித்து வருபவரின் மாரடைப்பும் பிடிபட்டுவிடும். பொதுவாக, அளவு எகிற எகிற சேதமும் பெரிது.

ஆனால் இந்தச் சாட்சி கொஞ்சம் மெதுவாகத்தான் வாய் திறக்கும். வலி தொடங்கிய உடனே எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றலாம். அதனால்தான் சில மணி நேரத்தில் மறுபடி ஊசி குத்துகிறார்கள். நோயாளிகள் நினைப்பது போல பில்லை ஏற்றுவதற்காக அல்ல. சிறுநீரகக் கோளாறிலும் ட்ரோபோனின் கூடும் என்பதால் ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அதேசமயம் இ.சி.ஜி.யே மாரடைப்பைத் தெளிவாகக் காட்டிவிட்டால் ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அடைப்பை உடனே நீக்க வேண்டும்.

பிழைத்தவர்களின் எதிர்காலத்தைச் சொல்ல என்டி-ப்ரோபிஎன்பி என்று இன்னொரு பரிசோதனை. இதய அறையின் சுவர் விரிந்து திணறும்போது அது ரத்தத்தில் கூடுகிறது. மாரடைப்புக்குப் பிறகு அது அதிகமாக இருந்தால் இதயம் செயலிழக்கும் ஆபத்தும் அதிகம்.

நோயாளி பிழைப்பது ரத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல. 2008-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘கிரியேட்’ ஆய்வு, இந்தியாவில் 89 மருத்துவ மையங்களில் 20,468 இதய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியது. கடும் மாரடைப்பு வந்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியை எட்டவே 6 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம்.

ஏழைகளின் உடல்நிலைதான் காரணமா? நோயாளிகளின் உடல்நிலையையும் ஆபத்துக் காரணிகளையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்த இடைவெளி மறையவில்லை. கிடைத்த சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்ததும் மறைந்துவிட்டது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டவர்கள் வசதியானவர்களில் 15.3 சதவீதம், ஏழைகளில் 2 சதவீதம். கொழுப்பைக் குறைக்கும் மருந்து கூட ஒரு பக்கம் 61.2 சதவீதம் பேருக்கும் மறுபக்கம் 36 சதவீதம் பேருக்குமே கிடைத்திருந்தது.