மூளை இல்லாத பிராணி!

கடலுக்கு அடியில் மணலோடு மணலாகப் படுத்துக் கிடக்கிறது, திருக்கை மீன். பக்கத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது, கடல் பஞ்சு. திருக்கைக்குச் சாட்டை போல நீண்ட வால் உண்டு. பஞ்சுக்கு வாலும் இல்லை, தலையும் இல்லை. இரண்டுமே பிராணிகள்தான் என்றால் நம்புவீர்களா?

வாலில் விஷம்

திருக்கை, முறம் போல் அகன்ற மீன். உடம்பில் எலும்பே கிடையாது. எல்லாம் குருத்தெலும்புதான். கண் மேலே இருக்கிறது. வாய் அடியில் இருக்கிறது.

கொட்டும் திருக்கையின் வாலில் ரம்பம் போன்ற முள் உண்டு. அதில் விஷம் இருக்கிறது. திருக்கை யாரையும் துரத்தி வந்து கொட்டாது. தெரியாமல் மிதித்து விட்டால், வாலை வீசி அடிக்கும். உயிர் போவது போல வலிக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும். பிறகு டாக்டரிடம் போக வேண்டும். முள் உள்ளே ஒடிந்து இருக்கலாம்.

முதலைகளோடு விளையாடியவர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின். 2006-ம் ஆண்டில், திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்து அவர் இறந்தார்.

செடியா, பிராணியா?

கடல் பஞ்சுக்கு மூளை இல்லை. இதயம் இல்லை. வயிறும் நரம்பும் இல்லை. இருந்த இடத்திலேயே இருக்கும். வெகு காலம் அதைச் செடி என்றே பலர் நினைத்தார்கள். அதற்குள் தண்ணீர் போய் வருவதைக் கவனித்து, "இது பிராணிதான்" என்று 1765-ல் எழுதினார், ஜான் எல்லிஸ் என்பவர்.

அதன் உடம்பு ஒரு சல்லடை. சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. அதில் உள்ள நுண்கிருமிகளைத் தின்றுவிட்டு, தண்ணீரை மேலே உள்ள பெரிய துளை வழியாக வெளியே தள்ளுகிறது.

பிழிந்தாலும் சாகாது!

1907-ல் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, உயிருள்ள பஞ்சைப் பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். அதன் உயிரணுக்கள் தனித்தனியாகத் தண்ணீரில் உதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றோடு ஒன்று ஒட்டத் தொடங்கின. நாளடைவில் மறுபடியும் பஞ்சாகி விட்டன! (திருக்கையைத் துண்டு போட்டால் குழம்புக்குத்தான் ஆகும்.)

புற்றுநோய்க்கு மருந்து

ஓடவும் முடியாது, கடிக்கவும் தெரியாது. பஞ்சு எப்படிப் பிழைக்கிறது? பல வகைப் பஞ்சுகள், எதிரிகளை விரட்டும் ரசாயனப் பொருள்களை உடம்பிலேயே தயாரிக்கின்றன.

கரீபியன் கடல் பஞ்சு ஒன்றில் இருந்து, அதுவரை யாரும் அறியாத சில பொருள்களை 1950-ஐ ஒட்டி வெர்னர் பெர்க்மன் பிரித்து எடுத்தார். அவற்றைப் பார்த்து உருவாக்கப்பட்டதுதான் 'சைட்டராபின்' என்ற மருந்து. 1969-ல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்தது. இன்றும் ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அதை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். மருந்து தொழிற்சாலையிலேயே தயாராகிறது. அதற்காகக் கடலில் குதித்துப் பஞ்சைப் பிடுங்க வேண்டியது இல்லை.